மேனேஜரான பிறகு தொற்றிக்கொண்ட தள்ளிப்போடும் பழக்கம்: எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

முதல்படி:
வணக்கம். சமீபத்தில் மேனேஜராகப் பதவி உயர்வு கிடைத்தது. அதற்கு முன் கொடுத்த வேலையைக் கொடுத்த தேதிக்கு முடித்துவிடுவேன்; பதவி வந்ததே அதனால்தான். இப்போதும் சும்மா இருப்பதில்லை. மெயில்களுக்குப் பதில், ரிவ்யூ, மீட்டிங், யாராவது மாட்டிக்கொண்டால் பக்கத்தில் உட்கார்ந்து சரிசெய்து கொடுப்பது என்று நாள் முழுக்க ஓடுகிறது. ஆனால் மூன்று விஷயங்கள் மட்டும் நகர மாட்டேன் என்கின்றன. டீமில் ஒருவருடைய வேலைத்தரம் குறைந்துகொண்டே வருகிறது, அவரிடம் பேச வேண்டும். இரண்டு சாஃப்ட்வேர்களில் எதை எடுப்பது என்று முடிவு சொல்ல வேண்டும். டீமை எப்படி மாற்றி அமைக்கலாம் என்று மேலிடத்துக்கு ஒரு திட்டம் எழுதித் தர வேண்டும். ஒவ்வொரு வாரமும் இவை மூன்றும் அடுத்த வாரத்துக்குப் போய்விடுகின்றன.

25 நிமிட வேலை, 5 நிமிட ஓய்வு என்கிற போமோடோரோ, பட்டியல் போடும் ஆப்கள், காலையில் சீக்கிரம் எழுவது எல்லாம் பார்த்தாகிவிட்டது. மற்ற வேலைகள் இன்னும் வேகமாக முடிகின்றன, அவ்வளவுதான். தலைமைப் பொறுப்பில் இருப்பவர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? 'மனசு வைத்தால் முடியும்' வகை அறிவுரை வேண்டாம். அது நிறையவே கிடைத்துவிட்டது.

பழைய நாற்காலி:
உங்கள் மூன்றையும் இன்னொரு முறை படித்துப் பாருங்கள். உழைத்து முடிக்கிற வேலை அதில் எதுவுமே இல்லை. முதலாவது ஒரு பேச்சு. இரண்டாவது ஒரு முடிவு. மூன்றாவது பார்க்க எழுத்து வேலை மாதிரி இருந்தாலும் அதுவும் முடிவுதான். யாரை எங்கே வைப்பது என்று தீர்மானித்துவிட்டால் எழுத ஒரு மதியம் போதும். ஆப்கள் எல்லாம் வேலையை முடிக்க உதவும். முடிவெடுக்க உதவாது.

இன்னொன்று. முன்பு உங்களுக்குத் தேதி குறித்துக் கொடுக்க ஒருவர் இருந்தார். இப்போது தேதி குறிப்பவரே நீங்கள். இந்த மூன்றும் இந்த வாரம் நடக்காவிட்டால் யார் வந்து கேட்கப் போகிறார்கள்? யாரும் இல்லை. அங்கேதான் சிக்கல். டான் ஏரியலி, க்ளாஸ் வெர்டன்ப்ராக் இருவரும் 2002இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் படிப்புக்கு வந்திருந்தவர்கள் அனுபவமுள்ள நிர்வாகிகள். மூன்று கட்டுரைகள் எழுத வேண்டும். ஒரு பிரிவுக்குச் சம இடைவெளியில் மூன்று தேதிகளை ஆசிரியரே விதித்தார். இன்னொரு பிரிவு தேதிகளைத் தானே குறித்துக்கொள்ளலாம். குறித்த தேதி தாண்டினால் மதிப்பெண் குறையும். பெரும்பாலானவர்கள் மூன்றையும் கடைசி நாளுக்கு வைக்கவில்லை, தங்களைத் தாங்களே கட்டிப்போட்டுக்கொண்டார்கள். இருந்தும் மற்றவர் விதித்த தேதியில் எழுதிய பிரிவுதான் கூடுதல் மதிப்பெண் வாங்கியது. அவர்கள் சின்னப் பிள்ளைகள் இல்லை, உங்களை மாதிரி ஆட்கள்.

அதனால் முதல் வேலை, உங்களிடம் தேதி கேட்கக்கூடிய ஒருவரை ஏற்பாடு செய்வது. உங்கள் மேலதிகாரியாக இருந்தால் நல்லது. இல்லையென்றால் வேறு டீமின் மேனேஜர் ஒருவர்.

கடைசி பெஞ்ச்:
நான் மேனேஜர் இல்லை, மேனேஜருக்குக் கீழே இருப்பவன். எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள் சார்.

நீங்கள் ஒரு முடிவைத் தள்ளிப்போட்டால் உங்களுக்கு அது மனதில் ஒரு உறுத்தல். எங்களுக்கு அது வேலை. எந்த சாஃப்ட்வேர் என்று தெரியாததால் இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி செய்து வைப்போம், ஒன்றைத் தூக்கிப் போடப் போகிறோம் என்று தெரிந்தே. முதலில் "என்ன ஆச்சு?" என்று கேட்போம். "பார்க்கிறேன்" என்றே பதில் வந்துகொண்டிருந்தால் கேட்பதை விட்டுவிடுவோம். உங்களுக்கு அது பிரச்சினை அடங்கிவிட்ட மாதிரி தெரியும். அடங்கியிருக்காது. எங்களுக்கு நம்பிக்கை போயிருக்கும்.

அப்புறம் அந்த வேலைத்தரம் குறைந்த நபர். அவர் செய்வதை யாரோ ஒருவர் சத்தமில்லாமல் திருத்திக்கொண்டிருக்கிறார். பெரும்பாலும் டீமிலேயே நன்றாக வேலை செய்பவர் அவராகத்தான் இருப்பார். நீங்கள் பேசாமல் இருக்கும் ஒவ்வொரு வாரமும் அவருக்கு இரட்டை வேலை. ஒருநாள் அவர் ராஜினாமா கொடுப்பார், "எதிர்பார்க்கவே இல்லை" என்று நீங்கள் சொல்வீர்கள். மற்றவர் நிலைமையும் பாவம்தான். தன்னிடம் என்ன குறை என்று தெரியாமலே இருந்துவிட்டு, அப்ரைசல் அன்று மொத்தத்தையும் ஒரே மூச்சில் கேட்பார்.

கோபமாக எழுதியிருந்தால் மன்னிக்கவும். முன்பு இருந்த ஒரு கம்பெனியில் இதைத்தான் பார்த்தேன்.

முதல்படி:
இல்லை, கோபமாகத் தெரியவில்லை. அந்த 'யாரோ திருத்துகிறார்' என்பதை நான் யோசித்ததே இல்லை. யார் என்றும் இப்போது தெரிகிறது.

உளவியல் மாணவி:
நேர மேலாண்மை முறைகள் ஏன் வேலை செய்யவில்லை என்பதற்கு ஆராய்ச்சிப் பக்கம் ஒரு பதில் இருக்கிறது. ஃபூஷியா சிரோய், திமோதி பிச்சில் இருவரும் 2013இல் எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான்: தள்ளிப்போடுதல் என்பது நேரப் பிரச்சினையைவிட மனநிலைப் பிரச்சினை. ஒரு காரியத்தை நினைத்தாலே பதற்றமோ சலிப்போ குற்றவுணர்வோ வருகிறது. அதை ஓரமாக வைத்த நொடியில் நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதிதான் கூலி. கூலி கிடைக்கிற எந்தப் பழக்கமும் திரும்பத் திரும்ப வரும்.

மேனேஜர்களுக்கு இது இன்னும் வசதி. சாதாரண ஊழியர் தள்ளிப்போட்டால் சும்மா இருப்பது கண்ணுக்குத் தெரியும். மேனேஜர் தள்ளிப்போட்டால் அந்த நேரத்தில் உண்மையாகவே உபயோகமான வேறு வேலைகள் பத்து கையில் இருக்கும். "யாராவது மாட்டிக்கொண்டால் பக்கத்தில் உட்கார்ந்து சரிசெய்து கொடுப்பது" என்று எழுதியிருக்கிறீர்களே, அது நல்ல காரியம். ஆனால் உங்களுக்குக் கைவந்த பழைய வேலையும் அதுதான். பயமாக இருக்கும்போது தெரிந்த வேலைக்குள் போய் உட்கார்ந்துகொள்வது மனித இயல்பு.

கெட்ட செய்தி சொல்லத் தயங்குவதும் தனியாகவே ஆராயப்பட்டிருக்கிறது. ரோசன், டெஸ்ஸர் இருவரும் 1970இல் செய்த சோதனையில், ஒருவருக்கு வந்த செய்தியை இன்னொருவர் போய்ச் சொல்ல வேண்டும். நல்ல செய்தி என்றால் முழுதாகச் சொன்னார்கள். கெட்ட செய்தி என்றால் "உங்களுக்கு ஒரு செய்தி வந்திருக்கிறது" என்பதோடு நிறுத்திக்கொள்ளப் பார்த்தார்கள். இத்தனைக்கும் அந்தச் செய்திக்கு அவர்கள் பொறுப்பே இல்லை. நீங்கள் பொறுப்பில் வேறு இருக்கிறீர்கள், தயக்கம் கூடத்தான் செய்யும்.

நிறைய பேர் "நான் பர்ஃபெக்‌ஷனிஸ்ட், அதனால்தான் தாமதம்" என்பார்கள். பியர்ஸ் ஸ்டீல் 2007இல் நூற்றுக்கணக்கான ஆய்வு முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அதற்கும் தள்ளிப்போடுவதற்கும் பெரிய தொடர்பு தென்படவில்லை. வேலை மீதுள்ள வெறுப்பு, செய்ய முடியும் என்ற நம்பிக்கை குறைவாக இருப்பது, அந்த நேரத்து உந்துதலுக்கு உடனே இணங்கிப்போவது, பலன் தூரத்தில் இருப்பது: தொடர்பு இவற்றோடுதான் வலுவாக இருந்தது.

நேர்கோடு:
எல்லோரும் ஒரே பக்கம் போகிறீர்கள், நான் கொஞ்சம் எதிர்த்திசையில் இழுக்கிறேன். தாமதம் எல்லாம் தள்ளிப்போடுதல் ஆகாது. எதைக் கேட்டாலும் அங்கேயே முடிவு சொல்லிவிட்டு, அடுத்த வாரம் மாற்றி, அதற்கடுத்த வாரம் மறுபடி மாற்றுகிற மேலதிகாரியிடம் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், அதற்கு இழுத்தடிப்பவரே தேவலை.

அமேசானை நிறுவிய ஜெஃப் பெஸோஸ் 2015ஆம் ஆண்டுக்கான பங்குதாரர் கடிதத்தில் முடிவுகளை இரண்டாகப் பிரிக்கிறார். போய்விட்டால் திரும்ப முடியாத கதவு ஒன்று. பிடிக்காவிட்டால் திரும்பி வந்துவிடக்கூடிய கதவு இன்னொன்று. முதல் வகைக்கு நிதானம் வேண்டும். இரண்டாவது வகைக்கும் அதே நிதானத்தைக் காட்டுவதுதான் பெரிய நிறுவனங்களின் வியாதி என்கிறார். அடுத்த ஆண்டுக் கடிதத்தில், பெரும்பாலான முடிவுகளை வேண்டிய தகவலில் 70 சதவீதம் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும், 90 வரை காத்திருந்தால் தாமதம்தான் என்கிறார். அவர் சொல்வதை எல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொள்பவன் இல்லை நான். இந்தப் பிரிவு மட்டும் உபயோகமானது.

நிதானமா, நழுவலா என்று கண்டுபிடிக்க நான் வைத்திருக்கும் சோதனை எளிது. "எந்தத் தகவலுக்காகக் காத்திருக்கிறேன்? அது யாரிடமிருந்து, எப்போது வரும்?" இதற்குப் பெயரும் தேதியுமாகப் பதில் வந்தால் அது நிதானம். "இன்னும் கொஞ்சம் தெளிவு வரட்டும்" என்று பதில் வந்தால் அது நழுவல். முதல்படி, உங்கள் மூன்றையும் இதில் போட்டுப் பாருங்கள்.

முதல்படி:
போட்டுப் பார்த்தேன். சாஃப்ட்வேர் விஷயத்தில் எந்தத் தகவலும் பாக்கி இல்லை. இரண்டையும் டீம் சோதித்துவிட்டது, இரண்டுமே ஓடும். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்றதை விரும்பியவர்கள் முகம் சுளிப்பார்கள், அதுதான் தடை. டீம் மாற்றத்தில் மட்டும் உண்மையாகவே ஒரு தகவல் வேண்டும்: அடுத்த ஆண்டு புதிய ஆட்கள் உண்டா இல்லையா. ஆனால் அதை இன்னும் யாரிடமும் கேட்கவே இல்லை.

நேர்கோடு:
கேட்காத தகவல் வரவே வராது நண்பரே. இன்றைக்கே ஒரு மெயில் போட்டுவிட்டு, பதில் வரும்வரை அந்த மூன்றாவதை நிம்மதியாக நிறுத்தி வையுங்கள். இப்போது அது நியாயமான காத்திருப்பு.

வெண்பலகை:
சைக்கிள் கொட்டகைக் கதை தெரிந்தவர்கள் இங்கே இருப்பீர்கள். பிரிட்டிஷ் எழுத்தாளர் நார்த்கோட் பார்க்கின்சன் 1950களில் கிண்டலாக எழுதியது. ஒரு கமிட்டி பெரும் செலவில் அணு உலை அமைக்கும் திட்டத்தை இரண்டரை நிமிடத்தில் நிறைவேற்றிவிட்டு, சைக்கிள் நிறுத்தும் கொட்டகைக்கு என்ன கூரை போடுவது என்று முக்கால் மணி நேரம் விவாதிக்கும். அணு உலை யாருக்கும் புரியாது. கொட்டகையில் எல்லோருக்கும் கருத்து உண்டு.

இதைக் கூட்டத்தின் குறையாகத்தான் எல்லோரும் சொல்வார்கள். தனி ஆளுக்கும் பொருந்தும் என்பது என் கட்சி. மேனேஜரின் நாளில் கொட்டகைகள் ஏராளம். ரிப்போர்ட்டின் வடிவம், மீட்டிங் நேரம், யாருக்கு எந்த லேப்டாப். எல்லாவற்றிலும் முடிவு சொல்லிச் சொல்லி மாலையில் "இன்றைக்கு எவ்வளவு முடிவெடுத்தேன்" என்ற திருப்தியோடு வீட்டுக்குப் போகலாம். உலை அங்கேயே நிற்கும். அவசரம், முக்கியம் என்று கட்டம் போட்டுப் பிரிப்பதை முன்னாள் அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர் பெயரில் எல்லாப் பயிற்சி வகுப்பிலும் சொல்கிறார்கள். 1954இல் அவர் பேசிய ஒரு உரையில் அந்தக் கருத்து உண்மையாகவே வருகிறது, ஆனால் ஒரு முன்னாள் கல்லூரித் தலைவர் சொன்னதாகத்தான் சொன்னார். கட்டம் போட்டது பின்னால் வந்தவர்கள். கட்டத்தை அழகாக வரைவதிலேயே ஒரு வாரம் தள்ளிப்போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன், அதை விடுங்கள்.

நான் செய்வது: காலையில் மெயில் திறப்பதற்கு முன்னால் உலை ஒன்றை எடுப்பது. முடிக்க வேண்டும் என்றில்லை, தொட வேண்டும்.

இரவு ஷிஃப்ட்:
அந்தக் கடினமான பேச்சைப் பற்றி யாரும் நடைமுறையாகச் சொல்லவில்லையே. நான் மூன்று ஷிஃப்டுகளைக் கவனிக்கிறவள், இந்தப் பேச்சு எனக்கு அடிக்கடி வரும்.

'பேச வேண்டும்' என்பது ஒரு காரியமே இல்லை. மூளை அதைப் பிடித்துக்கொள்ள அதில் கைப்பிடி கிடையாது. அதை இப்படி மாற்றுங்கள்: "செவ்வாய்க்கிழமை காலை மீட்டிங் முடிந்ததும், அவரை அந்தச் சின்ன அறைக்கு வரச்சொல்லி, இந்த முதல் வாக்கியத்தைச் சொல்வேன்." பீட்டர் கோல்விட்சர் என்கிற உளவியலாளர் 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்வது பற்றி 1999இல் எழுதியதிலிருந்து நிறைய சோதனைகள் நடந்திருக்கின்றன. 2006இல் அவரும் ஷீரனும் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது பலன் நன்றாகவே தெரிந்தது. எனக்குப் பலன் தெரிய ஆராய்ச்சி தேவைப்படவில்லை. முதலில் அவருக்கு மீட்டிங் அழைப்பு அனுப்பிவிடுவேன். அனுப்பிய பிறகு பின்வாங்க வெட்கமாக இருக்கும், அந்த வெட்கமே வேலையைச் செய்துவிடும். அழைப்பை முதல் நாள் மாலைக்கு முன் அனுப்பாதீர்கள், பாவம், அவர் வாரம் முழுக்கத் தூங்க மாட்டார்.

முதல் வாக்கியம் எழுதி வைத்தே ஆக வேண்டும். என்னுடையது ஏறக்குறைய இப்படி இருக்கும்: "கடந்த இரண்டு ரிப்போர்ட்டுகளிலும் கணக்கு தப்பாக வந்திருக்கிறது, அதைப் பற்றிப் பேசத்தான் கூப்பிட்டேன். உங்கள் பக்கத்திலிருந்து என்ன நடக்கிறது, சொல்லுங்கள்." அவ்வளவுதான். அதற்குப் பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். சொல்ல வேண்டியது அவர். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் இருக்கலாம், வேலையே சரியாகப் புரியாமல் இருக்கலாம், நீங்கள் மாற்றிய ஏதோ ஒன்று அவருக்கு ஒத்துவராமல் இருக்கலாம். பாதி நேரம் நான் பயந்த பேச்சு நடப்பதே இல்லை, வேறு ஒரு பேச்சுதான் நடக்கும்.

உளவியல் மாணவி:
இரவு ஷிஃப்ட் மேடம் சொன்ன முதல் வாக்கியத்தோடு ஒன்றைச் சேர்க்கலாமா? "இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும்" என்று ஒரு வரி. தாமதத்தை ஒத்துக்கொண்டால் எதிரில் இருப்பவரின் தற்காப்பும் குறையும்.

இரவு ஷிஃப்ட்:
சொல்லலாம், ஆனால் கடைசியில். முதலிலேயே சொன்னால் பேச்சு மேனேஜரின் குற்றவுணர்வைப் பற்றியதாக மாறிவிடும், அவர் உங்களுக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிடுவார். பார்த்திருக்கிறேன்.

கடைசி பெஞ்ச்:
பாராட்டில் ஆரம்பித்து, குறையை நடுவில் செருகி, மறுபடி பாராட்டில் முடிக்கச் சொல்லிப் பயிற்சி கொடுக்கிறார்களே, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வெளியே வரும்போது நம்மைத் திட்டினாரா புகழ்ந்தாரா என்றே புரியாது.

பழைய நாற்காலி:
அந்த சாஃப்ட்வேர் முடிவுக்கு வருகிறேன். முகம் சுளிப்பார்கள் என்பதுதான் தடை என்றால், இன்னும் காத்திருப்பதால் சுளிப்பு குறையாது. காரணத்தை நாலு வரியில் எழுதி, "மற்றதில் இருந்த இன்ன வசதி நமக்குக் கிடைக்காது, அது தெரிந்தேதான் இதை எடுக்கிறோம்" என்று ஒத்துக்கொண்டு அனுப்பிவிடுங்கள். தோற்ற பக்கத்துக்குத் தங்கள் வாதம் காதில் விழுந்தது என்று தெரிந்தால் போதும், பெரும்பாலும் ஒத்துப்போவார்கள். அதைவிட முக்கியம், அந்த முடிவு உங்களுடையதாகவே இருக்க வேண்டுமா என்று பாருங்கள். தினமும் அதில் வேலை செய்யப்போகிறவர் ஒருவரிடம் "நீங்களே முடிவெடுங்கள், வியாழக்கிழமை எனக்குச் சொல்லுங்கள்" என்று ஒப்படைக்கலாம். மேனேஜரிடம் தேங்கும் முடிவுகளில் கணிசமானவை அவரிடம் வந்திருக்கவே கூடாதவை.

மற்றபடி நான் செய்யவேண்டியவை பட்டியல் வைத்திருப்பதில்லை. 'என்னிடம் காத்திருப்பவை' என்று ஒரு பட்டியல்தான். ஒவ்வொன்றுக்கும் எதிரே காத்திருக்கும் ஆளின் பெயர், எப்போதிலிருந்து, எப்போது சொல்வேன். டீமில் எல்லோரும் பார்க்கிற இடத்தில் அது இருக்கும். தேதி தாண்டினால் அந்த வரி சிவப்பாகும். ஆட்கள் சம்பந்தப்பட்ட விஷயங்கள் மட்டும் அதில் வராது, அதற்குத் தனி நோட்டு.

வெண்பலகை:
எல்லோரும் பார்க்கிற பட்டியலா? தைரியம்தான். ஒரு எச்சரிக்கை: அதில் எழுதும் தேதிகளைத் தாராளமாக வையுங்கள். பியூலர், கிரிஃபின், ராஸ் 1994இல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்கள் முடிக்க சராசரியாக 34 நாள் ஆகும் என்று கணித்தார்கள், ஆனது 55 நாளுக்கு மேல். நிறைவேறாத தேதிகளை ஊரறிய எழுதினால் பட்டியலின் மரியாதை போய்விடும்.

உளவியல் மாணவி:
முதல்படிக்கு இன்னும் இரண்டு விஷயம். இத்தனை நாள் விட்டுவிட்டோமே என்று உங்களையே குத்திக்கொண்டிருக்க வேண்டாம். வோல், பிச்சில், பென்னெட் மூவரும் 2010இல் கல்லூரி மாணவர்களிடம் பார்த்தது: முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்குத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். குற்றவுணர்வு கூடினால் அந்தக் காரியத்தின் பக்கம் போகவே பிடிக்காது, அதுதான் காரணம்.

இன்னொன்று இழையைப் படிக்கும் மற்றவர்களுக்காக. கடினமான முடிவுகள் மட்டுமல்ல, சுலபமான வேலைகள், பிடித்த வேலைகள்கூட வாரக்கணக்கில் தேங்குகின்றன, தூக்கமும் சரியில்லை என்றால் அது வேறு விஷயமாக இருக்கலாம். மனச்சோர்வு, ஏடிஎச்டி என்கிற கவனக்குறைபாட்டுக் கோளாறு இரண்டிலும் இது வரும். மருத்துவரைப் பாருங்கள், பட்டியல் போட்டுச் சரிசெய்யப் பார்க்காதீர்கள்.

கடைசி பெஞ்ச்:
ஒரு பக்கக் கேள்வி. நான் கீழே இருப்பவன், மேலே இருப்பவர் கிடப்பில் போடுகிறார். அவருக்கு இந்த இழையை அனுப்ப முடியாது. நான் என்ன செய்வது?

பழைய நாற்காலி:
முடிவெடுக்கும் சுமையைக் குறைத்துக் கொடுங்கள். "இதைப் பற்றி உங்கள் கருத்து என்ன?" என்று மெயில் எழுதினால் அது அவருக்கு ஒரு மணி நேர வேலை, ஓரமாகப் போகும். இப்படி எழுதுங்கள்: "இரண்டு வழி இருக்கிறது. நான் முதல் வழியைப் பரிந்துரைக்கிறேன், காரணம் இது. வேறு யோசனை இருந்தால் புதன்கிழமைக்குள் சொல்லுங்கள். இல்லையென்றால் வியாழக்கிழமை முதல் வழியில் ஆரம்பிக்கிறேன்." ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடிகிற மாதிரி இருக்க வேண்டும்.

நேர்கோடு:
இது திரும்பி வரக்கூடிய கதவுகளுக்கு மட்டும். பட்ஜெட், ஆள் எடுப்பது, வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் வாக்குறுதி, இதிலெல்லாம் அவருடைய மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு இறங்கினால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான். அங்கே மெயிலை விட்டுவிட்டு நேரில் போய்க் கேளுங்கள். "இது தாமதமானால் இன்ன தேதியில் இன்னது நிற்கும்" என்று மட்டும் சொல்லுங்கள், குற்றம் சாட்டுகிற தொனி வேண்டாம்.

கடைசி பெஞ்ச்:
மெயிலில் அவருடைய மேலதிகாரியையும் சேர்த்துவிட்டால்?

இரவு ஷிஃப்ட்:
முதல் தடவையே வேண்டாம் தம்பி. ஒருமுறை அப்படிச் செய்தால் அந்த முடிவு வந்துவிடும், அதற்குப் பிறகு உங்கள் மெயில் எது வந்தாலும் அவர் கடைசியாகத்தான் திறப்பார். இரண்டு முறை தனியாகக் கேளுங்கள். மூன்றாவது முறை "மேலே கேட்டுவிடலாமா?" என்று அவரிடமே கேளுங்கள். பல நேரம் அந்தக் கேள்விக்கே பதில் வந்துவிடும்.